கைப்பிடி விழும் சத்தம்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பருப்பு வேகும் முன்பே குக்கர் மூடியைத் திருகிப் பார்த்துத் திட்டு வாங்குகிறவள் நான். படப்பையில் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் ஸ்கூட்டி ஓட்டவே கற்றுக்கொண்டேன். அப்பேர்ப்பட்டவளுக்கு, அவசரப்பட்டால் வேலையே செய்யாத ஒரு இரும்புப் பெட்டி பிடித்துப்போனது என்றால் என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரகடத்தில் சாலையோரம் தெரிகிற பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால், வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், அவர்களுக்கு ரப்பர் ஷீட் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. அங்கே எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இதற்கு முன்பு நான் வேலை பார்த்த இடங்களில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இங்கே சேர்ந்த புதிதில், ரப்பரை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கித் தகடாக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்புப் பலகை. அதில் அரைவட்டமாகப் பித்தளைக் குமிழ்கள், அவற்றின்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு கைப்பிடி, அதைப் பின்னால் இழுக்கிற ஒரு ஸ்பிரிங். வளைவு முடிகிற இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு மின்காந்தம். மூடிப்போன ஏதோ ஆலையிலிருந்து முதலாளி ஏலத்தில் எடுத்துவந்த பழைய டி.சி. மோட்டாரோடு வந்த ஸ்டார்ட்டர் அது. நடுவில் இதற்குப் பதிலாக மாட்டிய எலக்ட்ரானிக் டிரைவ் ஒரு மழையில் புகைந்துபோக, இதையே திரும்ப மாட்டிவிட்டார்களாம்.

மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர் உள்ளூர்க்காரர், நாற்பதைத் தொட்ட ஆள். கைப்பிடியை எப்படித் தள்ளுவது என்று எனக்குக் காட்டினார்.

"இத்த மெதுவா தள்ளணும் மேடம். ஒரு குமிழு, கொஞ்சம் நில்லு. மோட்டார் சத்தம் ஏறுது பாருங்க? ஏறுனப்புறம் அடுத்த குமிழு. கட்சீல போய் காந்தத்துல ஒட்டிகினா வுட்டுறலாம். அதுவே புட்சிக்கும்."

"வேகமாத் தள்ளுனா?"

"ஃபீஸ் போய்டும்."

"ஏன் போகும்?"

"தள்ளுனா போவும்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

"இன்னா மேடம் நீங்க, எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி கேட்டுகினே கீறீங்க!"

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அவரு பொண்ணு இன்னும் பால்வாடி போவுது மேடம்." சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அப்படித்தான் அக்கா எனக்கு அறிமுகமானார்.

அக்கா வடக்குப்பட்டுக்காரர். இன்றைக்கும் அவர் வீட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, பயிர் வைக்கத்தான் யாரும் இல்லை. மெஷினில் அவர் வேலை, உருளைகளில் ஒட்டிக்கொள்ளும் ரப்பரைப் பித்தளைத் தகட்டால் சுரண்டி எடுப்பது. மெஷின் ஓடும்போது யாரும் கிட்டே போகக் கூடாது. ஆனால் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டால், சூடான உருளையில் இருக்கிற ரப்பர் அப்படியே இறுகிக் கல்லாகிவிடும். அதற்குள் படியில் ஏறி, இரண்டு உருளைகளுக்கும் நடுவே வலது கையை விட்டுச் சுரண்டியாக வேண்டும். எங்கள் லைனில் கரண்ட் போவது ஒன்றும் அதிசயம் இல்லை. ஜெனரேட்டர் ஆபீசுக்கும் விளக்குகளுக்கும் மட்டும்தான். அதனால் அந்தக் கை அடிக்கடி உள்ளே போய் வந்தது. முதல் தடவை பார்த்தபோது படிக்குக் கீழே ஓடிப்போய் நின்றேன்.

"கரண்ட் திடீர்னு வந்துட்டா?" என்று கேட்டேன்.

"வந்தாலும் ஓடாது மேடம். கைப்பிடி உழுந்துட்ச்சு இல்ல?" என்றார் அக்கா.

அதுதான் அந்த ஷெட்டின் பழக்கம். கரண்ட் போனதும் எல்லா மெஷினும் அடங்கி இடமே அமைதியாகும். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டிக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வரும். காந்தம் பிடியை விட, ஸ்பிரிங் கைப்பிடியை ஆரம்ப இடத்துக்கே இழுத்துக்கொள்ளும் சத்தம். "உழுந்துட்ச்சு" என்பார் யாராவது ஒருவர். அக்கா அதற்குள் பாதிப் படி ஏறியிருப்பார். சத்தம் கேட்டால் கை உள்ளே போகும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. சுவிட்ச் இருப்பதோ ஷெட்டின் அந்தக் கோடியில்.

"அங்க போய் எறக்கிட்டு வர்றதுக்குள்ள ரப்பரு கல்லாப் பூடும் மேடம்" என்பார் அக்கா. சுவிட்சை மெஷின் பக்கத்தில் மாற்றித் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றார். எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆனால் எனக்கு அந்தச் சத்தம் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. கரண்ட் போன உடனே காந்தம் செத்துவிட வேண்டாமா? ஏன் கொஞ்ச நேரம் கழித்து விழுகிறது? ஆபரேட்டரைக் கேட்டேன். "அது அப்படித்தான் உழும்" என்றார். இவரிடம் கேட்டது என் தப்பு.

டிப்ளமோவில் இதையெல்லாம் ஒப்பித்து மார்க் வாங்கியவள்தான் நான். அப்போது ஒரு மண்ணும் புரியவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெட்டிக்கு எதிரே ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து யோசித்தேன். ஓடுகிற மோட்டார் சும்மா ஓடுவதில்லை. ஓடும்போதே தானும் கொஞ்சம் மின்சாரத்தை உண்டாக்கி, உள்ளே வருகிற மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால்தான் தேவையானது மட்டும் உள்ளே போகிறது. நின்றுகொண்டிருக்கிற மோட்டாரில் எதிர்க்க ஆளே இல்லை. படப்பையில் காலி ஷேர் ஆட்டோ வந்து நின்றால் ஜனம் எப்படி முட்டிமோதி ஏறும்? அதே கதைதான். உள்ளே நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் அவர்களே "எடமில்லப்பா" என்று மற்றவர்களைத் தடுத்துவிடுவார்கள். அதுவரைக்கும் வாசலில் கை நீட்டி மறிக்க ஒருவர் வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் இருக்கிற மின்தடைச் சுருள்கள்தான் அந்தக் கை. முதல் குமிழில் எல்லாச் சுருளும் குறுக்கே நிற்கும். மோட்டார் வேகம் எடுக்க எடுக்க, அடுத்தடுத்த குமிழுக்குப் போய் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அவசரப்பட்டால் ஃபியூஸ் போகும், ஒரே குமிழில் தூங்கினால் சுருள் கருகும். கடைசியில் மோட்டார் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அடடா, இவ்வளவுதானா என்று டிரம்மில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த தடவை கரண்ட் போனபோது மீட்டரோடு தயாராக இருந்தேன். முன்பே மோட்டார் கம்பிகளில் அதை மாட்டி வைத்திருந்தேன். கரண்ட் போய்விட்டது, மீட்டரின் முள் மட்டும் கீழே விழாமல் மெல்ல மெல்ல இறங்கியது. உருளைகள் கடைசியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சுற்றலில் மோட்டார் உண்டாக்கிய மின்சாரம்தான் காந்தத்தைப் பிடித்து வைத்திருந்தது. உருளை நிற்கப்போகும் சமயம் முள் அடியில் போய்ப் படுத்தது. "டக்."

அப்படியானால் அந்தச் சத்தத்துக்கு இரண்டு அர்த்தம். உருளை நின்றுவிட்டது என்பது ஒன்று. இனிக் கரண்ட் வந்தாலும், ஒரு மனுஷக் கை வந்து முதல் குமிழிலிருந்து தள்ளாமல் மெஷின் ஓடாது என்பது இன்னொன்று. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய் ஆபரேட்டரிடம் சொன்னேன்.

"அத்தத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர்.

"என்ன சொன்னீங்க?"

"அது அப்படித்தான் உழும்னு."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் அதுதான் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை. மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை குவித்துப் பூசணிக்காய் உடைப்பார்கள். சந்தனக் கிண்ணம் வருஷா வருஷம் அக்கா கையில்தான். வேறு யாரும் வாங்க முடியாது. "நீங்க அப்பிப்பூடுவீங்க, பொட்டுன்னா பொட்டு மாதிரி இருக்கணும்" என்பார். நான் விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க முன்னதாகவே கிளம்பிவிட்டதால் பூஜையைப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து வந்த அன்று காலையெல்லாம் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிவிட்டு, மத்தியானம்தான் ரப்பர் ஷெட்டுக்குள் நுழைந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வாசலில் வாழைக்கன்று வாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைக் கட்டியிருந்த சணல் கயிற்றைக் காணோம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரண்ட் போனது.

எல்லாம் அடங்கியது. உருளைகள் மெதுவாகி நின்றன. என் காது தன் பாட்டுக்குப் பெட்டிப் பக்கம் போய்விட்டது. பிடித்த பாட்டில் அடுத்த வரிக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன். வரவில்லை. அக்கா படியில் ஏறிக்கொண்டிருந்தார், சுரண்டும் தகடு கையில். இன்னும் வரவில்லை. யாரும் "உழுந்துட்ச்சு" என்று சொல்லவில்லை. ஆனால் அக்காவின் கண் நின்றுபோன உருளையில் இருந்தது. அத்தனை நாள் பழக்கத்தில் கை தானாகவே உள்ளே போனது.

"கையை எடு!" என்று கத்தினேன். எடுங்கள் இல்லை, அக்கா இல்லை, வெறும் எடு. தெருவில் மாட்டை விரட்டுகிற குரல்.

அக்கா வெடுக்கென்று கையை இழுத்தார். தகடு மட்டும் உருளைகளுக்கு நடுவே நின்றது. முகம் சிவந்து என் பக்கம் திரும்பி, "இன்னா மேடம், வாய் நீளுது..." என்று ஆரம்பித்தார்.

கரண்ட் வந்தது. உருளைகள் ஒரு வெறியோடு உதறிச் சுற்றின. பெட்டிக்குள் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம், ஃபியூஸ் போய்விட்டது. ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றியிருக்காது. ஆனால் அந்தப் பித்தளைத் தகடு உள்ளே போய், மறுபக்கம் வெற்றிலைபோல் தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அதையே பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். நேரே பெட்டிக்குப் போய் மூடியைத் திறந்தேன். கைப்பிடி கடைசிக் குமிழில் இருந்தது. வாழைக்கன்றின் சணல் கயிறு அதைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாரு கட்டுனது?"

எனக்குத் தெரியும் யார் என்று. ஆபரேட்டர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"காலையில இருந்து கைப்பிடி நிக்கவே மாட்டேங்குது மேடம். தள்ளித் தள்ளி வுட்டேன், கையை எடுத்தா ஓடிப்போய் உழுது. நீங்க கம்ப்ரசர்ல இருந்தீங்க. லோடு வண்டி வேற வந்து நிக்குது. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அக்காவைப் பார்த்தார். "யக்கா" என்றார். அக்கா திரும்பவில்லை.

அவரை நான் என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சொற்கள் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். திட்டி முடித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அத்தனை நாள் ஒழுங்காகப் பிடித்த காந்தம், லீவு முடிந்து வந்ததும் ஏன் கைவிட்டது?

அந்தக் கோடிக்குப் போய் மெயினை இறக்கிவிட்டு வந்து, கயிற்றை அவிழ்த்தேன். காந்தத்தின் சுருளைச் சோதித்தேன். பழுதில்லை. ஸ்பிரிங்கும் அதே ஸ்பிரிங். பிறகு டார்ச் அடித்து, காந்தத்தின் முகத்தைப் பார்த்தேன். கைப்பிடியின் இரும்பு வந்து ஒட்ட வேண்டிய அந்த வழவழப்பான முகத்தில் மஞ்சளாக என்னவோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். கட்டியாகப் பெயர்ந்து கையிலிருந்த துணியில் விழுந்தது. நடுவில் சிவப்பு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமலே வாசனை தெரிந்தது.

காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் பிடி தளர்ந்துவிடும். இது நூலைவிடக் கனமாக இருந்தது. ஸ்பிரிங் சுலபமாக ஜெயித்துவிட்டது.

தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று இருந்தவளுக்கு, தெரிந்த பிறகு வாயைத் திறக்க மனம் வரவில்லை. துணியால் துடைத்துவிட்டு, ஏதோ அழுக்கு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அடுத்த பூஜை வருமே? அதே கிண்ணம், அதே விரல். அதற்குள் அக்கா எழுந்து என் பின்னால் வந்து நின்றார். துணியில் இருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"அது நான் வெச்ச பொட்டு" என்றார்.

நான் துணியை மடிக்கப் போனேன்.

"கைப்பிடியைப் புட்சி வெச்சிக்கிற எடமாச்சே, அதுக்குத்தான் மொதல்ல வெக்கணும்னு வெச்சேன். அதாலதான என் கைய உள்ள வுட்டு எடுக்கிறேன்." தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். "நானே வெச்சேனா மேடம்?"

"அக்கா, பொட்டு வச்சது தப்பில்ல. கயிறு கட்டாம இருந்திருந்தா மெஷின் ஓடாம நின்னிருக்கும், அவ்வளவுதான்."

"நானே வெச்சேன்" என்று திரும்பவும் சொன்னார். அப்போதுதான் அழ ஆரம்பித்தார். ஆபரேட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா அதை வாங்கவே இல்லை.

நான் அந்தத் தட்டைத் தகட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் முதலாளியின் மேசைமேல் வைத்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். இந்த முறை "பாத்துக்கலாம்மா" வரவில்லை. மெயின் சுவிட்ச் மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்தது. அதில் பூட்டும் போட்டோம். ஒரே சாவி. கரண்ட் போனால் சுவிட்சை இறக்கி, பூட்டி, சாவியைப் புடவைத் தலைப்பில் ஊக்கில் கோத்துக்கொண்ட பிறகுதான் அக்கா படி ஏறுவார். "டக்" சத்தம் இப்போதும் வருகிறது. இப்போது யாரும் "உழுந்துட்ச்சு" என்பதில்லை. "யக்கா, சாவி?" என்கிறார்கள்.

கோபம் தீர்ந்த பிறகு அக்கா என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார். "ஊர்ல மாடு மேய்ச்சீங்களா மேடம்? கைய எடுன்னு ஒரு சத்தம் போட்டீங்களே!" ஆபரேட்டரோடு மட்டும் நெடுநாள் பேச்சில்லை. வேலைக்கு வேண்டியது மட்டும் பேசினார்கள். அவர் கைப்பிடியைத் தள்ளும்போது முன்னைவிட மெதுவாகத் தள்ளினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. சந்தனக் கிண்ணம் அக்கா கையில்தான் இருந்தது. உருளையின் சட்டத்துக்கு வைத்தார், சுவிட்சுக்கு வைத்தார், பூட்டுக்கு வைத்தார், புதுத் தகட்டுக்கு வைத்தார். ஸ்டார்ட்டர் பெட்டி வந்ததும் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் மூடியை மூடிக் காட்டினேன். மூடியின் வெளியே நடுவில் ஒரு பொட்டு வைத்தார்.

ஆபரேட்டர் முன்னால் வந்து, "கிண்ணத்தக் குடு யக்கா" என்றார். அக்கா கொடுத்துவிட்டார். வருஷா வருஷம் யாருக்கும் கொடுக்காதவர்.

"கைய நீட்டு."

"இன்னாத்துக்கு?"

"இன்னிக்கு ஆயுதத்துக்குத்தான வெக்கிறோம்." சந்தனத்தில் விரலைத் தோய்த்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கிண்ணத்தை என்னிடம் தந்தார். "நீங்க வெய்ங்க மேடம். என்னால முடியல."

அக்கா வலது கையை நீட்டினார். புறங்கையில் சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. அப்பிவிட்டேன் என்று திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பூஜை முடிந்து மெஷினை ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். கற்பூரத் தட்டோடு நின்ற முதலாளி, "ஓட்டுப்பா, நேரமாச்சு" என்றார். ஆபரேட்டர் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார், தள்ளவில்லை. அக்கா எதிலும் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தனம் இன்னும் காயவில்லை. அது காயும்வரை ஆபரேட்டர் நின்றார். எனக்கும் அன்றைக்கு அவசரமே வரவில்லை.